நித்திலா லீவு போட்ட வருஷம்

செண்பகவல்லி சொன்ன கதையைக் கனகசபாபதி ஆறேழு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். பொய் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பொய் சொன்னால் அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும், கல்யாணமான புதிதிலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் இந்தக் கதையை அவள் சொன்னதெல்லாம் போனில். மஸ்கட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கோவில்பட்டியில் சிவக்கிற காது எப்படித் தெரியும்? ஏ.சி. மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்தவர் அவர். குழாயில் வாயு கசிகிற இடம் கண்ணுக்குத் தெரியாது, சோப்பு நுரையைத் தடவினால்தான் குமிழி கிளம்பும். அந்தக் கதையில் எங்கே தடவினால் குமிழி கிளம்பும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் தடவாமல் இருந்தார். இப்போது கண் ஆஸ்பத்திரியின் வரிசை நாற்காலி ஒன்றில், இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விடப்பட்டு, இமையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேறு வேலை எதுவும் இல்லாததால் அந்த நினைப்பு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணைத் திறக்காதீங்க ஐயா, கண் பாப்பா நல்லா விரியணும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நர்ஸ் பெண். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், பயப்பட ஒன்றும் இல்லை. வலப்பக்கத்து நாற்காலியில் செண்பகம் இருந்தாள். அவள் மடியில் இருந்த பிளாஸ்டிக் கூடை மூச்சுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் நித்திலா வருகிறாள். வருவதற்குள் மாடி அறையில் சீலிங் ஃபேன் மாட்டியாக வேண்டும். ஃபேன் வாங்கியாகிவிட்டது, பெட்டி பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து நிற்கிறது. கம்ப்ரஸரைத் தோளில் சுமந்து ஏணி ஏறியவருக்கு ஒரு ஃபேனை மாட்டக் கை வரவில்லை. கொக்கி பலமில்லை, வயர் பழசு, முழங்கால் வலி என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லிப் பார்த்தாயிற்று. செண்பகமும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்கு உறுத்தியது.

கதை இதுதான். நித்திலா கிர்கிஸ்தானில், பிஷ்கேக்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். நாலாம் வருஷம் முடிந்த கையோடு ஒரு நாள் மஸ்கட்டுக்குப் போன் செய்து, எப்பா, ஒரு வருஷம் லீவு போடுதேன் என்றாள். உடம்புக்கு என்ன என்று பதறினார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால் உரிமத் தேர்வு ஒன்று எழுத வேண்டும், அதன் மாதிரிக் கேள்வித்தாளை எடுத்து உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறாள், பாதிகூடத் தேறவில்லை. எல்லாரும் என்ன செய்கிறார்கள், ஆறு வருஷமும் படித்து முடித்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, கோச்சிங் சென்டரில் சேர்ந்து, ஒரு தடவை எழுதி, இரண்டாம் தடவை எழுதி, கல்யாணம் ஆகி, அப்படியே அடங்கிப் போகிறார்கள். அஸ்திவாரம் ஆடுதுப்பா, மேல மாடி கட்டி என்ன பிரயோசனம், இப்பவே வந்து முதல் வருஷப் புஸ்தகத்திலேருந்து திரும்பப் படிக்கேன், அப்புறம் போய் மிச்சத்தை முடிக்கேன் என்றாள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. அந்தப் புத்தி எங்கேயிருந்து வந்தது என்று இன்றைக்கும் அவருக்கு ஆச்சரியம்தான். தன்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம். தான் செய்கிற வேலை சரியில்லை என்று தெரிந்த பிறகும், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று முடித்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் அவர். பாதியில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் கீழே இறங்கி, மறுபடி முதல் படியில் கால் வைக்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும். அவருடைய அக்கா சங்கரவடிவு போனில் கேட்டாள், பெயிலாயிட்டாளோ, மறைக்காமச் சொல்லு தம்பி, நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று. இல்லைக்கா, லீவு என்றார். படிக்கிற பிள்ளை படிக்கிறதுக்கு லீவு போடுமா, ஒரு மாப்பிள்ளையப் பாரு முதல்ல என்றாள். அவருக்கே ஒரு கணம் அது நியாயமாகப் பட்டது. பட்டது என்பதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் வாரா வாரம் வெள்ளிக்கிழமை செண்பகம் சொன்னவை. மாடி அறையில் இருந்து படிக்கிறாள். நான் மேல போறதே இல்லங்க, சோத்தை வாசப்படில வச்சுட்டு வந்துருதேன், தட்டு காலியா கீழ வரும். சுவர் பூராவும் எலும்பும் நரம்புமாகப் படம் ஒட்டியிருக்கிறாள். விடியும்போது எழுந்து மொட்டை மாடியில் நடக்கிறாள். பங்குனி மாசம் ஒரு பெரிய மாதிரித் தேர்வு, ஆறு மாசம் படித்ததற்கு அப்புறம் எழுதினது, அது சரியாகப் போகவில்லை. முதலில் வந்ததைவிடக் குறைவு. அந்த இடத்தில்தான் கதையின் உச்சம். மத்தியானம் இறங்கி வந்தாளாம். முகத்தைக் கழுவினாளாம். எம்மா, முதல்லேருந்து ஆரம்பிக்கேன், இந்தத் தடவை வேற மாதிரிப் படிக்கணும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். புளிக்குழம்பு ஊற்றி இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாளாம். ஒரு சொட்டுக் கண்ணீர் வரலங்க, உங்க மகளுக்கு இரும்பு மனசு என்றாள் செண்பகம். மஸ்கட் தொழிலாளர் கேம்ப் அறையில் அவர் அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. பக்கத்துக் கட்டில் மீரான், மேலப்பாளையத்துக்காரர், பிளம்பர், அவரிடம் மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பார். உம்ம மக டாக்டராகி வந்ததும் முதல் தையல் உம்ம வாய்க்குத்தாம்வே போடணும் என்று மீரான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். சொல்லிச் சொல்லிக் கதை பளபளப்பாகிவிட்டது. இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பைச் செண்பகம் சொன்னாளா, தானே சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. இரண்டாம் சோறு அவள் சொன்னதுதான். புளிக்குழம்பு? நித்திலாவுக்குப் புளிக்குழம்பே ஆகாது. சின்னதிலிருந்து ஆகாது. பிடிக்காத குழம்பை இரண்டாம் தரம் ஒரு பிள்ளை ஏன் வாங்கிச் சாப்பிடும்? ஊட்டிவிட்டால் சாப்பிடும். எதை ஊட்டுகிறார்கள் என்று தெரியாத நிலையில் இருந்தால் சாப்பிடும்.

கூடை மறுபடி கிறீச்சிட்டது. செண்பகம் எதையோ தேடுகிறாள். யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு முன்னால் போனார்கள். கண்ணுக்குள் மருந்து லேசாக எரிந்தது, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. அந்த வருஷம் முடிந்து நித்திலா பிஷ்கேக் திரும்பிப் போன பிறகுதான் அவர் ஊருக்கு லீவில் வந்தார். வந்த மறுநாள் மாடி அறையைப் பார்க்கப் போனார். மகள் தவம் இருந்த இடம் அல்லவா, ஒரு மரியாதை. சுவரில் படம் ஒட்டிய பிசின் தடம் சதுரம் சதுரமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தார். கொக்கி மட்டும் தொங்கியது. அவர் கையால் மாட்டிய ஃபேன், இறக்கைக்கு இறக்கை எடை பார்த்து ஆடாமல் மாட்டியது, இல்லை. மூலையில் ஒரு டேபிள் ஃபேன் நின்றது. கீழே வந்து கேட்டார். சத்தம் போட்டுச்சு, படிக்க முடியலன்னு சொன்னா, கழட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன் என்றாள் செண்பகம், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. ஃபேன் சத்தம் போட்டால் உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருக்கும், எலெக்ட்ரீஷியன் வந்தால் டீ ஆறுவதற்குள் சரி செய்துவிட்டுப் போவான். பத்து வருஷம் ஓட வேண்டிய ஃபேனை, புருஷன் இந்த வேலையிலேயே இருக்கிறவன், அவனிடம் போனில் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருத்தி இரும்புக்குப் போடுவாளா? மறுபடி மேலே போனார். அப்போதுதான் கதவைப் பார்த்தார். உள் தாழ்ப்பாள் இல்லை. நாலு ஆணித் துளை மட்டும். துரு ஏறிப்போச்சு என்றாள். மழைச் சாரல் எட்டாத கதவில் துரு. அவர் தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவப் போனார். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றார். அவள் காதை அன்றைக்குப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் போகாமலே இருந்துவிட்டார்.

மூன்று விதமாக இருக்கலாம். இந்த மூன்றையும் அவர் இந்த வருஷங்களில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்திருக்கிறார். ஒன்று, ஒன்றுமே நடக்கவில்லை. அந்த வருஷம் படிக்கிற பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி பேப்பரில் வராத நாள் கிடையாது, செண்பகம் அதைப் படித்துப் பயந்துபோய் ஃபேனையும் தாழ்ப்பாளையும் கழற்றியிருக்கிறாள், தாய் மனசு, அவ்வளவுதான். இந்த விடையைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் நிம்மதியாக இருந்ததுண்டு. இரண்டு, நித்திலாவே சொல்லியிருக்கிறாள். எம்மா, இதைக் கழட்டிரு, எனக்கு இதைப் பார்த்தாப் பயமா இருக்கு என்று. இதை நினைக்கும்போது அவருக்குப் பயம் வரும், ஆனாலும் அதற்குள்ளே ஒரு பெருமையும் கிளம்பும். தன் மனசு தன்னைக் கைவிடுகிறது என்று தெரிந்து அதை வாய்விட்டுத் தாயிடம் சொல்கிற பிள்ளை எப்பேர்ப்பட்ட பிள்ளை. மூன்றாவதை அவர் வார்த்தையாக ஆக்கியதே இல்லை. அது வரும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். இப்போது கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து எங்கே போவது? வந்தது. ஒரு மத்தியானம், செண்பகம் தட்டை வைத்துவிட்டு இறங்கியவள் எதையோ மறந்து மறுபடி ஏறுகிறாள், கதவு தாழிட்டிருக்கிறது, தட்டுகிறாள். அதற்கு மேல் போக விடாமல் நினைப்பை நிறுத்தினார். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததில் மணிக்கட்டு வலித்தது.

போன வருஷம் சங்கரன்கோவிலில் பார்த்த நித்திலாவைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டு மூடினார். அவள் வேலை பார்க்கிற தனியார் ஆஸ்பத்திரி. கல்லூரியை முடித்து வந்து, அந்த உரிமத் தேர்வை முதல் தடவையிலேயே தேறி, பயிற்சியும் முடித்து, அங்கே சேர்ந்திருந்தாள். ரசவடை செய்திருந்தாள் செண்பகம், கொண்டுபோய்க் கொடுக்கப் போனவர் அவசரப் பிரிவின் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கூட வந்தவர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நித்திலா யாரையும் அதட்டவில்லை. பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி, அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, தாத்தா, என்னையப் பாருங்க, மத்தவங்களைப் பார்க்காதீங்க, மூச்சை மெல்ல விடுங்க, நான் எங்கேயும் போகல, இங்கதான் இருக்கேன் என்றாள். சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் நர்ஸுக்கு என்ன வேண்டும் என்று காட்டினாள். பெரியவரின் கண் அவள் முகத்திலேயே நின்றது. கனகசபாபதி தூணுக்குப் பின்னால் டிபன் கேரியரோடு நின்றார். நான் எங்கேயும் போகல, இங்கதான் இருக்கேன். இதை எந்தப் புஸ்தகத்தில் படித்திருப்பாள்? யாரோ இவளிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் இவள் கையை இப்படிப் பிடித்திருக்க வேண்டும். வடையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கூப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு வழி நெடுக இருந்தது பெருமையா பயமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்க மறுபடி ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு வருகிறது. எப்பா, மாடி ரூமை ஒழிச்சு வைங்க, மேல ஒரு ஃபேன் மாட்டுங்க, டேபிள் ஃபேன் காத்துல பேப்பரெல்லாம் பறக்குது என்றாள் போனில், உப்பு வாங்கி வைங்க என்கிற மாதிரி. அந்தக் குரலைக் காதில் ஓட்டி ஓட்டிக் கேட்டுப் பார்த்தார். குணமானவள் கேட்கிற குரலா? குணமாகிவிட்டேனா என்று தன்னையே சோதித்துப் பார்க்கிறவள் குரலா? அல்லது ஒரு காலத்திலும் ஒன்றும் ஆகாதவள் காற்றுக்காகக் கேட்கிறாளா? மாட்டினால் என்ன ஆகும், மாட்டாமல் விட்டால், அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால், அது என்ன ஆகும்?

நர்ஸ் பெண் இரண்டாம் தரம் மருந்து விட வந்தாள். இமையை விரலால் இழுத்தபோது வெளிச்சம் குத்தியது, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அசையாதீங்க ஐயா என்றாள். சொட்டு விழுந்தது, மூடிக்கொண்டார். அவர் தலையை இழுத்துக்கொண்டதைப் பார்த்தோ என்னவோ, செண்பகம் அவர் முழங்கையில் கை வைத்தாள்.

"பயப்படாதீங்க. பாப்பாவைச் சுருக்குறது மூளைலேருந்து வர்ற மூணாவது நரம்பு. இந்த மருந்து அதை ஒண்ணும் பண்ணாது, அது சொல்லுறது கண்ணுக்குள்ள போகாம கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும். சாயங்காலம் தன்னால சரியாயிரும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"நித்திலா படிக்கையில காதுல விழும்லா."

அவ்வளவுதான் சொன்னாள். கையை எடுத்துக்கொண்டு கூடையைச் சரி செய்தாள். அவருக்குள் எல்லாம் அப்படியே நின்றது. காதில் விழுமா? எந்தக் காதில்? மாடி அறை வீட்டின் பின்பக்கம், படிக்கட்டு வெளியே, அடுப்படி முன்பக்கம். நித்திலா படித்தால் பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடக் கேட்காது, உதடு மட்டும் அசையும், பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே அப்படித்தான். சோத்தை வாசப்படில வச்சுட்டு வந்துருதேன் என்று வாரா வாரம் சொன்னவளுக்கு மூன்றாவது நரம்பு எப்படித் தெரியும்? அதுவும் இப்படி, மருந்து எங்கே போய் என்ன செய்கிறது என்கிற வரைக்கும்? ஒரு தரம் கேட்டதில்லை இது. பத்துத் தரம், இருபது தரம், ஒருத்தி எதிரே உட்கார்ந்து, எம்மா, இப்பச் சொல்லுதேன் கேளு என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லக் கேட்டது. இந்தத் தடவை வேற மாதிரிப் படிக்கணும் என்றாளாமே, அது இதுதானா? உதடு மட்டும் அசைத்துப் படித்த பிள்ளையை வாயைத் திறந்து பேச வைத்தது யார்? எட்டாம் வகுப்போடு நின்றவள் மூளையும் நரம்பும் ஈரலும் மண்ணீரலும் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டோ வெறுங்கையோடோ அந்த அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்படியானால் அடுப்பை யார் பார்த்தது? அந்த வருஷம் செண்பகம் தன் கூடப்பிறந்த தம்பி மகன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை என்று சங்கரவடிவு குறை சொன்னாளே. கோயிலுக்குப் போனதாக ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் சொன்னதில்லையே. அந்த வருஷத்துக் கதையில் நித்திலா எழுந்தாள், நடந்தாள், படித்தாள், சாப்பிட்டாள். செண்பகம் எங்கே? தட்டு வைக்கிற கை மட்டும் வந்தது. ஒரு வருஷம் பூராவும் சொன்ன கதையில் சொன்னவளே இல்லை. அதை அவர் கவனித்ததும் இல்லை. இரும்பு மனசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அது யார் மனசு என்று கேட்காமல்.

கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை அந்த அறையில் கால் வைக்குமுன் தனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ ஏதும் பண்ணிக்கிட்டாளா? இந்த வாக்கியம் நாக்கு வரை வந்து நின்றது. கேட்டால் செண்பகம் சொல்ல மாட்டாள். அப்பாகிட்ட சொல்லாதம்மா என்று மகள் கேட்டிருப்பாள், சொல்ல மாட்டேன் என்று இவள் கொடுத்த வாக்கு, அதைத்தானே இத்தனை வருஷம் காது சிவக்கச் சிவக்கக் காத்திருக்கிறாள். அதை உடைக்கச் சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது, தூரத்தில் உட்கார்ந்து கதை கேட்டவனுக்கு? ஃபேனை ஏன் கழற்றினாய் என்று கேட்டால் மறுபடி சத்தம் என்பாள். தாழ்ப்பாள் என்றால் துரு என்பாள். மகளைப் பற்றிக் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். ஆனால் அவளைப் பற்றி? அதற்கு அவள் பதில் தயார் செய்திருக்க மாட்டாள். யாரும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கவே மாட்டாள். அதை மறைப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவும் மாட்டாள். அந்த ஒரு பதில் தெரிந்தால் போதும், ஃபேனை என்ன செய்வது என்று தெரிந்துவிடும், அல்லது தெரியாவிட்டாலும் அந்த வருஷம் அவள் எங்கே இருந்தாளோ அங்கே இந்த வருஷம் தானும் போய் இருக்கலாம். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள், அவருடையது இல்லை. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவினார். கூடையின் பிடி தட்டுப்பட்டது, அப்புறம் அவள் விரல்.

"செண்பகம், அந்த வருஷம் பூரா நீ ராத்திரி எங்கே படுத்துக்கிட்ட?"